ஜனவரி 30: ஒரே தேதி, வெவ்வேறு நள்ளிரவுகள்

'வரலாற்றில் இன்று' பகுதிகளில் ஜனவரி 30-க்கு வழக்கமாக வரும் பெயர்களைப் பாருங்கள். இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்டது 1649. வள்ளலார் சித்தியடைந்தது 1874. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் பிறந்தது 1882. சி. சுப்பிரமணியம் பிறந்தது 1910. ஹிட்லர் ஜெர்மனியின் சான்சலர் ஆனது 1933. வில்ஹெல்ம் குஸ்ட்லோஃப் கப்பல் மூழ்கியது 1945. காந்தி கொல்லப்பட்டதும் விமானம் கண்ட ஆர்வில் ரைட் இறந்ததும் 1948. ஜே. சி. குமரப்பா மறைந்தது 1960. வியட்நாமில் டெட் தாக்குதல் 1968. வட அயர்லாந்தின் 'இரத்த ஞாயிறு' 1972.

இந்தப் பட்டியலில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை. ஆனால் சிலர் இந்தத் தேதிக்குத் தற்செயலாக வந்தவர்கள். சிலரை வேண்டுமென்றே இழுத்து வந்து நிறுத்தியிருக்கிறார்கள். சிலர் நாள்காட்டியும் கடிகாரமும் செய்த குழப்பத்தால் இங்கே நிற்கிறார்கள். மூன்றையும் பிரிக்காமல் "இதே நாளில்" என்று ஒரே வரியில் எழுதிவிடுவதுதான் இத்தகைய பட்டியல்களின் நோய். பள்ளித் தகவல் பலகைக்கோ சிற்றிதழுக்கோ இப்படித் தொகுப்பவர்கள் முதலில் ஒரு நோட்டில் மூன்று பத்திகள் போட்டுக்கொள்வது நல்லது: மூல ஆவணம் தேதியை எப்படிச் சொல்கிறது, அது எந்த ஊரின் எந்த நாள்காட்டி, நாம் மாற்றி எழுதினால் என்ன வரும். முதல் பத்தியில் உள்ளதை எக்காரணம் கொண்டும் அழிக்கக் கூடாது. அழித்துவிட்டால் மாற்றம் ஏற்கெனவே செய்தாயிற்றா இல்லையா என்று தெரியாமல் இரண்டாம் முறையும் செய்துவிடுவோம்.

சார்லஸிலிருந்து தொடங்கலாம். அவருடைய மரண ஆணையில் 59 பேர் கையெழுத்திட்டார்கள். ஆணையில் இருக்கும் தேதி ஜனவரி 29, 1648. மறுநாள் தண்டனை நிறைவேறியது. நாம் எழுதுவதோ 1649. யாரும் பொய் சொல்லவில்லை. அன்றைய இங்கிலாந்தில் சட்டப்படியான ஆண்டு மார்ச் 25-இல்தான் பிறக்கும். ஆகவே ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சின் பெரும்பகுதி எல்லாம் பழைய ஆண்டின் வால். ஸ்காட்லாந்து 1600 முதலே ஜனவரி 1-ஐ ஆண்டுத் தொடக்கமாக வைத்துக்கொண்டுவிட்டது. ஆக, ஒரே மன்னரின் ஒரே மரணம் லண்டனில் 1648, எடின்பரோவில் 1649.

இது ஆண்டுக் குழப்பம். நாள் குழப்பம் தனி. இங்கிலாந்து அப்போது ஜூலியஸ் சீசர் காலத்திலிருந்து வந்த பழைய ஜூலியன் நாள்காட்டியில் இருந்தது. பிரான்சும் ஸ்பெயினும் 1582-இலேயே, இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியனுக்கு மாறிவிட்டன. பாரிஸில் இருந்த ஒருவருக்கு அன்று பிப்ரவரி 9. வித்தியாசம் எல்லாக் காலத்திலும் ஒன்றல்ல: 1582 முதல் 1700 பிப்ரவரி கடைசி வரை 10 நாள், அடுத்த நூற்றாண்டில் 11, அதற்கடுத்து 12, 1900 பிப்ரவரிக்குப் பிறகு 13. ரஷ்யப் புரட்சிக்கு 13 நாள் கூட்டிப் பழகிய கை, சார்லஸுக்கும் 13 கூட்டி பிப்ரவரி 12 என்று எழுதிவிடும்.

அப்படியானால் சார்லஸை ஜனவரி 30-இலிருந்து எடுத்துவிட வேண்டுமா? வேண்டாம். வரலாற்றாசிரியர்களிடம் நிலைபெற்ற வழக்கம் இது: நாளையும் மாதத்தையும் அந்த ஊர் ஆவணத்தில் உள்ளபடியே விட்டுவிடுவது, ஆண்டை மட்டும் ஜனவரி 1-இல் தொடங்குவதாகத் திருத்துவது. அதனால்தான் 'ஜனவரி 30, 1649' என்கிறோம். இது பாதி பழையது, பாதி புதியது. இந்தக் கலப்பை அறிந்து பயன்படுத்தினால் தவறில்லை. 1752-இல் இங்கிலாந்து நாள்காட்டி மாறியபோதும் (செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14) சார்லஸின் நினைவு நாள் ஜனவரி 30 என்ற பெயரிலேயே தொடர்ந்தது. இங்கிலாந்துத் திருச்சபையின் வழிபாட்டு நூலில் அந்த நாளுக்கென இருந்த தனி வழிபாடு 1859-இல்தான் நீக்கப்பட்டது. இருநூறு ஆண்டு மக்கள் அனுசரித்த தேதியைக் கணக்குப் போட்டு பிப்ரவரிக்குத் தள்ளினால், கணக்கு சரியாகவும் வரலாறு தவறாகவும் போகும்.

இருவரை ஒரே நாளில் இணைத்துப் பேசும்போதுதான் மாற்றிப் பார்க்க வேண்டிய கட்டாயம் வருகிறது. ஷேக்ஸ்பியரும் செர்வாண்டிஸும் 1616 ஏப்ரல் 23-இல் 'ஒரே நாளில்' இறந்தார்கள் என்பது இப்படித்தான் உடையும். ஒருவருடையது ஜூலியன், மற்றவருடையது கிரிகோரியன், நடுவில் பத்து நாள்.

சார்லஸின் தேதியில் இன்னொருவரும் இருக்கிறார். மன்னரை எதிர்த்து வென்ற ஆலிவர் குரோம்வெல் 1658 செப்டம்பர் 3-இல் இறந்தார். டன்பார் (1650), வூஸ்டர் (1651) என்று அவருடைய இரண்டு பெரிய வெற்றிகளும் அதே செப்டம்பர் 3. இது தற்செயல்தான், ராசியான நாளாக அவரே கருதியது வேறு விஷயம். ஆனால் முடியாட்சி திரும்பியதும், புதைத்த உடலைத் தோண்டியெடுத்து, லண்டனின் தூக்குமேடை இருந்த டைபர்னில் தூக்கிலிட்டு, பொழுது சாய்ந்ததும் தலையை வெட்டியது 1661 ஜனவரி 30. கூடவே அவருடைய மருமகன் ஐயர்ட்டன், சார்லஸின் வழக்குக்குத் தலைமை வகித்த பிராட்ஷா ஆகியோரின் உடல்களும். இதில் தற்செயல் கொஞ்சமும் இல்லை. பன்னிரண்டாம் ஆண்டு நினைவு நாளுக்காகவே செய்தது. இரண்டுக்கும் நாள்காட்டி ஒன்று என்பதால் எந்த மாற்றமும் தேவையில்லாமல் இணைப்பு நிற்கிறது. பட்டியலில் சார்லஸுக்கு அடுத்த வரியாகக் குரோம்வெல்லை வைத்து "அதன் பொருட்டே" என்று எழுதலாம். மற்ற பெரும்பாலோருக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்த உரிமை இல்லை.

தேதியைச் சரிபார்க்கக் கிழமையைப் போல உதவும் கருவி வேறில்லை. நாள்காட்டி மாறியபோது தேதிகள் தாவின, கிழமை தாவவில்லை. 1752-இல் செப்டம்பர் 2 புதன், மறுநாள் 14 வியாழன். ஆகவே மூல ஆவணம் கிழமையைச் சொன்னால் விடாதீர்கள். ஜனவரி 30-க்கு மட்டும் பயன்படும் ஒரு குறுக்குவழி இருக்கிறது, மனக்கணக்காகவே போடலாம். ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களை எடுங்கள். அதில் ஒன்றைக் கழித்து, நாலால் வகுத்து, மீதியை விட்டுவிட்டு, ஈவை முதலில் எடுத்த இரண்டு இலக்க எண்ணோடு கூட்டுங்கள். 1901 முதல் 2000 வரையுள்ள ஆண்டுகளுக்கு 2, 1801 முதல் 1900 வரை 4, இந்த நூற்றாண்டுக்கு 1 சேருங்கள். (2000, 1900 போன்ற ஆண்டுகளுக்குக் கடைசி இலக்கங்களை 100 என்று கொள்ள வேண்டும்.) ஏழால் வகுத்த மீதி கிழமை, 0 என்றால் ஞாயிறு, 1 திங்கள், இப்படி.

1948-க்கு: 48, 47-ஐ நாலால் வகுத்தால் 11, இரண்டும் சேர்ந்து 59, இரண்டு கூட்ட 61, ஏழால் வகுக்க மீதி 5, வெள்ளி. காந்தி சுடப்பட்டது வெள்ளிக்கிழமை, சரி. 1972-க்கு 72, 17, 2, ஆக 91, மீதி 0. 'இரத்த ஞாயிறு' ஞாயிறுதான். 1933 போட்டால் திங்கள் வரும்.

சார்லஸுக்குப் போடும்போதுதான் சுவாரசியம். இந்த வாய்பாடு கிரிகோரியனுக்கு உரியது. 1601 முதல் 1700 வரை சேர்க்க வேண்டியது 1. நேராக 1649 என்று போட்டால் சனி வருகிறது. ஆவணங்கள் செவ்வாய் என்கின்றன. பத்து நாள் தள்ளி பிப்ரவரி 9-க்குப் பாருங்கள்: சனிக்குப் பத்து நாள் கழித்து செவ்வாய். பொருந்திவிட்டது. ஆணையில் உள்ள 1648-ஐ அப்படியே நம்பிப் போட்டால் என்ன ஆகும்? வியாழன் வந்து, பத்து நாள் தள்ள ஞாயிறாகும். ஓய்வுநாளைக் கடுமையாகக் காத்த, மன்னரை எதிர்த்த பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான கிறித்தவப் பிரிவினர் ஞாயிற்றுக்கிழமை மன்னரின் தலையை வெட்டியிருப்பார்களா? ஆண்டு தவறு என்று கிழமையே காட்டிக்கொடுக்கிறது.

இனி வள்ளலார். மேட்டுக்குப்பம் சித்தி வளாகத்து அறைக்குள் அவர் சென்றது ஸ்ரீமுக ஆண்டு தை மாதம் 19-ஆம் நாள், வெள்ளிக்கிழமை, இரவு 12 மணி என்பது வழிவழியாக வரும் பதிவு. இதை 30.1.1874 என்று எழுதுகிறோம். இந்த ஒரு வரிக்குள் மூன்று இடங்களில் வழுக்கலாம்.

முதலாவது ஆண்டு. ஸ்ரீமுக அறுபதாண்டுச் சுற்றில் ஏழாவது. 1873 ஏப்ரலில் பிறந்து 1874 ஏப்ரலில் முடிந்தது. 'ஸ்ரீமுக = 1873' என்று அட்டவணையில் பார்த்ததும் தையையும் 1873-இல் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. தை, மாசி, பங்குனி மூன்றும், மார்கழியின் பின்பாதியும், அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். லண்டனின் 1648-க்கு நேர்ந்த அதே கதை. போதாததற்கு, அறுபதாண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும்: 1933-34, 1993-94 இரண்டும் ஸ்ரீமுகவே. வேறு ஒரு குறிப்பு இல்லாமல் தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் உள்ள கல்வெட்டையோ ஓலையையோ வைத்து நூற்றாண்டைத் தீர்மானிக்க முடியாது.

இரண்டாவது நாள். இன்று தை 1 என்றால் ஜனவரி 14 அல்லது 15. அந்த நினைப்பில் 19-ஐ எண்ணினால் பிப்ரவரி 1 அல்லது 2 வரும். ஆனால் 1874-இல் தை பிறந்தது ஜனவரி 12-இல். தமிழ் மாதங்கள் சூரியன் நட்சத்திர மண்டலத்தில் ராசி மாறுவதைக் கொண்டவை. ஆங்கில ஆண்டு பருவகாலத்தைக் கொண்டது. இரண்டுக்கும் இடையே சுமார் 60, 70 ஆண்டுக்கு ஒரு நாள் விலகும். அதனால்தான் நூற்றைம்பது ஆண்டில் பொங்கல் இரண்டு மூன்று நாள் நகர்ந்திருக்கிறது. இதிலும் கிழமைதான் காவல்: 1874-க்கு 74, 18, 4, மொத்தம் 96, மீதி 5, வெள்ளி. பிப்ரவரி 2 என்று எடுத்தால் திங்கள் வரும். 1873 என்று எடுத்தால் வியாழன். வெள்ளிக்கு ஒரே ஒரு தேதிதான் பொருந்துகிறது. இன்னும் பழைய தேதிகளுக்கு எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை கணித்துத் தந்த கால அட்டவணைகளே இன்றும் கல்வெட்டு ஆய்வாளர்களின் துணை. அவற்றிலும் கிழமையும் திதியும் நட்சத்திரமும் ஒன்றையொன்று சரிபார்க்கும் முறைதான்.

மூன்றாவது நள்ளிரவு. நம் வழக்கில் நாள் சூரியோதயத்தில் தொடங்கும். வெள்ளி இரவு 12-க்கு மேலும், பொழுது விடியும்வரை, வெள்ளிதான். ஆங்கிலக் கணக்கில் 12 அடித்த கணமே சனிக்கிழமை, ஜனவரி 31. 'இரவு 12 மணி' என்பது சரியாக இரண்டின் எல்லையில் நிற்கிறது. எனவே இந்த நிகழ்வை எழுதும்போது "30 ஜனவரி 1874 வெள்ளி இரவு" என்று இரவையும் சேர்த்து எழுதிவிடுவதே நேர்மை. வடலூரில் கொண்டாட்டம் ஆங்கிலத் தேதியைப் பார்ப்பதே இல்லை. தைப்பூசத்தன்று சத்திய ஞான சபையில் ஜோதி தரிசனம். பூசம் முடிந்து இரண்டாம் நாள் மேட்டுக்குப்பத்தில் திருவறை தரிசனம். பூச நட்சத்திரம் ஆண்டுக்கு ஆண்டு வேறு தேதியில் வருவதால், 'ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பம் போகலாம்' என்று பட்டியலை நம்பிக் கிளம்புபவர் பூட்டிய கதவைத்தான் பார்ப்பார்.

1948-க்கு வருவோம். நாள்காட்டிச் சிக்கல் முடிந்த காலம். கடிகாரச் சிக்கல் தொடங்கும் காலம். டில்லி பிர்லா மாளிகைத் தோட்டத்தில் காந்தி சுடப்பட்டது மாலை 5.17. பிரார்த்தனைக்கு வழக்கமாக 5 மணிக்கு வருபவர் அன்று தாமதமாக வந்தார். பத்து நாள் முன்பு, ஜனவரி 20-இல், அதே இடத்தில் குண்டு வைத்த முயற்சி தோற்றிருந்தது. ஆகவே 30 என்ற எண்ணுக்குத் தனிப் பொருள் தேட வேண்டாம். 20-இல் முடிந்திருக்கலாம், 31-க்கும் தள்ளியிருக்கலாம்.

ஆர்வில் ரைட் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலம் டேட்டனில் இறந்தார், 76 வயதில், ஜனவரி 30 இரவு பத்து மணிக்கு மேல். டேட்டனைவிட இந்தியா பத்தரை மணி நேரம் முன்னால். காந்தி விழுந்தபோது டேட்டனில் விடிகாலை 6.47; ஆர்வில் உயிரோடு மருத்துவமனையில் இருந்தார். அவர் இறந்தபோது டில்லியில் ஜனவரி 31, காலை எட்டரைக்கு மேல். காந்தியின் இறுதி ஊர்வலம் புறப்படக் கூட்டம் காத்துக்கொண்டிருந்தது. இருவரும் 'ஒரே தேதியில்' இறந்தார்கள் என்பது உண்மை. இடையில் ஏறத்தாழ பதினாறு மணி நேரம். இதற்கு விதி எளியது: நிகழ்ந்த ஊரின் தேதியே நிகழ்வின் தேதி. எல்லாவற்றையும் இந்திய நேரத்துக்கு மாற்றுவது என்று தொடங்கினால் உலக வரலாற்றில் பாதி மறுநாளுக்கு நகரும். ஆனால் "ஒரே நேரத்தில்", "அதே வேளையில்" என்ற சொற்களை எழுதும் முன் கழித்துப் பாருங்கள்.

பழைய நாளிதழ்களை வைத்துத் தேதி எடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. இந்தியக் காலை இதழ்களில் காந்தி மறைவுச் செய்தி ஜனவரி 31 தேதியிட்டு வந்தது. அமெரிக்க மாலை இதழ்களுக்கோ அதே ஜனவரி 30-இல் அச்சேற்ற நேரம் இருந்தது. இதழின் தலைப்பில் உள்ள தேதி வேறு, செய்தியின் தொடக்கத்தில் ஊர்ப் பெயரோடு இருக்கும் தேதி வேறு. இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும்.

வடக்கு வியட்நாமும் அதன் ஆதரவு கெரில்லாக்களும் தெற்கு வியட்நாமின் நகரங்கள்மீது நடத்திய டெட் தாக்குதல், தேதிக் குழப்பத்துக்கென்றே படைத்த உதாரணம். டெட் என்பது வியட்நாமியப் புத்தாண்டு. அமாவாசையை வைத்து நிச்சயிப்பது. 1968 ஜனவரியில் அமாவாசை கணம் கிரீன்விச் நேரப்படி 29-ஆம் தேதி 16.29. தெற்கு வியட்நாம் கிரீன்விச்சுக்கு 8 மணி முன்னால் இருந்தது. அங்கே அது 30-ஆம் தேதி 0.29. வடக்கு வியட்நாம் முந்தைய ஆண்டுதான் 7 மணி முன்னால் என்ற கணக்குக்கு மாறுவதாக அறிவித்து, 1968 தொடக்கம் முதல் அதை நடைமுறைப்படுத்தியது. அங்கே 29-ஆம் தேதி 23.29. அரை மணி நேர விளிம்பில் புத்தாண்டே ஒரு நாள் பிரிந்தது: ஹனோயில் ஜனவரி 29, சைகோனில் ஜனவரி 30.

தாக்குதலும் இரண்டு இரவுகளாகப் பிரிந்தது. டா நாங், நா டிராங், பிளேக்கு போன்ற நடுப்பகுதி நகரங்களில் 30-ஆம் தேதி விடிவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. சைகோன் உள்ளிட்ட பெரும்பாலான இடங்களில் மறுநாள் இரவு. சில படைகள் வடக்கின் புதிய நாள்காட்டியையும் சில பழையதையும் பின்பற்றியதே காரணம் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். முன்கூட்டித் தொடங்கியதால் எதிர்த்தரப்பு விழித்துக்கொள்ள ஒரு பகல் கிடைத்தது. சைகோனில் அமெரிக்கத் தூதரகம் தாக்கப்பட்டது 31-ஆம் தேதி அதிகாலை மூன்று மணிக்குச் சற்று முன். வாஷிங்டனில் அப்போது 30-ஆம் தேதி பிற்பகல். அமெரிக்க நூல்களில் தூதரகத் தாக்குதல் ஜனவரி 30 என்றும், வேறு நூல்களில் 31 என்றும் இருந்தால் இரண்டில் ஒன்று பிழை என்று அவசரப்பட வேண்டாம். பட்டியலில் "ஜனவரி 30: டெட் தாக்குதல் தொடக்கம்" என்று போடலாம். தூதரகத்தை அதே வரியில் சேர்த்தால்தான் பிழை.

வேண்டுமென்றே தேதியைக் கட்டிக்கொண்டதற்குக் குரோம்வெல்லை மிஞ்சிய உதாரணம் நாஜி ஜெர்மனி. 1933 ஜனவரி 30-இல் ஹிட்லரை ஜனாதிபதி ஹிண்டன்பர்க் சான்சலராக்கினார். அதன்பின் அந்தத் தேதி ஆட்சியின் திருநாள் ஆனது. பெரிய அறிவிப்புகளை அதற்காகக் காத்து வைத்து வெளியிட்டார்கள். 1934 ஜனவரி 30-இல் மாநிலங்களின் இறையாண்மையை ஒழிக்கும் சட்டம். 1937 ஜனவரி 30-இல் ஜெர்மானியர் நோபல் பரிசு பெறத் தடை. சிறையில் வதைபட்ட நாஜி எதிர்ப்புப் பத்திரிகையாளர் ஒசியெட்ஸ்கிக்கு அமைதிப் பரிசு கொடுத்ததற்கான கோபம் அது. பின்னால் கூன், புட்டெனாண்ட், டோமாக் ஆகிய அறிவியலாளர்கள் பரிசை மறுக்க நேர்ந்தது இதனால்தான். 1943 ஜனவரி 30-இல், ஸ்டாலின்கிராடில் முற்றுகைக்குள் இருந்த ஜெர்மன் தளபதி பவுலஸுக்கு ஃபீல்டு மார்ஷல் பதவி. மறுநாளே அவர் சரணடைந்தார். அதே 30-இல் பெர்லினில் நாஜித் தலைவர்கள் கோரிங் காலை 11 மணிக்கும் கோயபல்ஸ் மாலை 4 மணிக்கும் பேசுவதாக இருந்தது. எதிரி தன் நாள்காட்டியை முன்கூட்டியே சொல்லிவிட்டான் அல்லவா? பிரிட்டிஷ் மஸ்கிட்டோ விமானங்கள் சரியாக அந்த இரண்டு வேளைக்கும் பெர்லின் மேல் வந்து குண்டு போட்டன.

இங்கே ஒரு வினோதமான பிழையும் உண்டு. ஐரோப்பிய யூதர்களின் அழிவைப் பற்றி ஹிட்லர் நாடாளுமன்றத்தில் விடுத்த மிரட்டல் 1939 ஜனவரி 30 உரையில் வருகிறது. 1941 ஜனவரி 30-இல் அதை அவரே நினைவூட்டியபோது, 1939 செப்டம்பர் 1-இல், அதாவது போர் தொடங்கிய அன்று, சொன்னதாகத் தேதியை மாற்றிச் சொன்னார். பின்னும் அப்படியே திரும்பத் திரும்பச் சொன்னார். பேசியவரின் வாயிலிருந்தே வந்தாலும் தேதிக்கு அன்றைய பதிவுதான் சாட்சி.

1945 ஜனவரி 30-இல் தற்செயலும் திட்டமும் பின்னிக்கிடக்கின்றன. பன்னிரண்டாம் ஆண்டு நிறைவுக்காக ஹிட்லர் பேசிய, அவருடைய கடைசி வானொலி உரை அன்று ஒலிபரப்பானது, இது திட்டம். அன்றிரவு ஒன்பது மணிக்கு மேல், அகதிகளும் படையினரும் நெருக்கியடித்து ஏறியிருந்த வில்ஹெல்ம் குஸ்ட்லோஃப் கப்பலைப் பால்டிக் கடலில் எஸ்-13 என்ற சோவியத் நீர்மூழ்கி மூன்று டார்பீடோக்களால் தாக்கியது. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் மூழ்கியது. இறந்தவர்கள் ஒன்பதாயிரத்துக்கும் மேல் என்பது இன்று பரவலாக எடுத்துக்கொள்ளும் மதிப்பீடு. கப்பலுக்குப் பெயர் கொடுத்த குஸ்ட்லோஃப் என்ற நாஜித் தலைவர் பிறந்தது 1895 ஜனவரி 30. இது சுத்தத் தற்செயல். நீர்மூழ்கிக்கு எதிரே வந்த கப்பல் எதுவென்றே தெரியாது. அதே நாளில் ரூஸ்வெல்ட் யால்டா மாநாட்டுக்குப் போகும் வழியில் குவின்சி என்ற போர்க்கப்பலில் தமது 63-ஆவது பிறந்தநாளைக் கழித்தார். அதுவே கடைசிப் பிறந்தநாள். ரூஸ்வெல்ட்டின் பிறந்தநாளும் ஹிட்லரின் பதவியேற்பும் ஒரே தேதியாக இருந்தது பற்றி நிறைய எழுதுகிறார்கள். எனக்கு அதில் சுவை தெரிவதில்லை. 1934 முதல் அந்தப் பிறந்தநாளில் அமெரிக்கா முழுக்க நடன விருந்துகள் நடத்தி இளம்பிள்ளைவாத நோயாளிகளுக்கு நிதி திரட்டினார்கள் என்பதுதான் அந்தத் தேதியில் அமெரிக்காவில் உண்மையில் நடந்த வேலை.

தற்செயலை எவ்வளவு வியக்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு. இருபது தலைவர்களை எடுங்கள். பிறந்த தேதி, இறந்த தேதி என்று நாற்பது தேதிகள். இவற்றை இரண்டிரண்டாக இணைக்க 780 வழிகள். ஒவ்வொரு இணையும் பொருந்த வாய்ப்பு 365-இல் ஒன்று. ஆக, சராசரியாக இரண்டு பொருத்தங்கள் தானாகவே விழும். வரலாற்றில் ஒரு லட்சம் நிகழ்வுகளுக்குத் தேதி தெரியும் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு தேதிக்கும் 270-க்கு மேல். அதிலிருந்து பத்தைப் பொறுக்குவது நாம். பொருத்தம் நம் பொறுக்கலில் இருக்கிறது.

ஆனாலும் சில பொருத்தங்கள் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தூண்டுகின்றன, காரணம் தேதியில் இல்லாவிட்டாலும். தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா, காந்தியின் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தியவர், கடைசிக் காலத்தைத் தே. கல்லுப்பட்டியில் கழித்து, காந்தி மறைந்த அதே ஜனவரி 30-இல், 1960-இல் மறைந்தார். பொள்ளாச்சிக்கு அருகே செங்குட்டைப்பாளையத்தில் சி. சுப்பிரமணியம் பிறந்தது 1910 ஜனவரி 30. ஒருவர் மண்ணை ரசாயன உரம் கெடுக்கும், டிராக்டர் சாணம் போடாது என்ற பக்கம் நின்றவர். மற்றவர் மத்திய உணவு அமைச்சராக 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைரகக் கோதுமை விதையை இறக்கி, உரமும் பாசனமும் சேர்ந்த புதிய வேளாண்மைக்கு வழிவிட்டவர். இருவரும் காந்தியைப் பின்பற்றிச் சிறை சென்றவர்கள். ஒரே தேதியில் இவர்களை அடுத்தடுத்து வைத்தால் இந்திய விவசாயத்தின் இருபதாம் நூற்றாண்டுச் சண்டை முழுவதும் இரண்டு வரியில் நிற்கிறது. "தேதி இணைத்தது" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், இணைத்தது தொகுப்பவர்.

பழைய தலைமுறையினரின் பிறந்த தேதிகளில் பொதுவாகவே ஒரு சந்தேகம் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி ஒன்று, வீட்டில் ஜாதகத்தில் இருக்கும் தமிழ்த் தேதி ஒன்று என்று இரண்டு இருக்கும். ஜாதகம் கிடைத்தால் மேலே சொன்ன கிழமைச் சோதனையைப் போடலாம்.

எண்ணிக்கைகளிலும் தேதி ஒளிந்திருக்கும். 1972-இல் டெர்ரி நகரில் பிரிட்டிஷ் படையினர் ஊர்வலத்தினர்மீது சுட்டதில் அன்றே இறந்தவர்கள் 13. காயம்பட்ட ஒருவர் ஜூனில் இறந்ததைச் சேர்த்து 14. "ஜனவரி 30-இல் 14 பேர் இறந்தனர்" என்று எழுதினால் தவறு. "அன்றைய துப்பாக்கிச் சூட்டில் 14 பேர் பலியாயினர்" என்றால் சரி. நகரின் பெயரும் டெர்ரி, லண்டன்டெர்ரி என்று இரண்டு. எதை எழுதுகிறோம் என்பதிலேயே பக்கம் சாய்வதாக அங்கே எடுத்துக்கொள்வார்கள்.

கடைசியாக, ஆண்டுதோறும் அனுசரிப்பவை. இந்தியாவில் ஜனவரி 30 தியாகிகள் தினம். காலை 11 மணிக்கு இரண்டு நிமிட மௌனம். காந்தி மறைந்தது மாலை என்பதால் சிலர் நிகழ்ச்சி நிரலில் 5.17 என்று போட்டுவிடுகிறார்கள். அரசு அலுவலகங்களின் நேரம் 11 தான். மார்ச் 23-உம் தியாகிகள் தினமே, அது பகத் சிங், ராஜகுரு, சுகதேவ் தூக்கிலிடப்பட்ட நாள். இரண்டின் சுவரொட்டிகளும் இடம் மாறிப்போவது உண்டு. தொழுநோய் ஒழிப்பு தினத்திலும் இதே சிக்கல். உலக நாடுகளுக்கு அது ஜனவரியின் கடைசி ஞாயிறு, 25 முதல் 31 வரை எதிலும் வரலாம். இந்தியாவில் காந்தியின் நினைவாக ஜனவரி 30 என்று நிலையாக வைத்திருக்கிறோம். இரண்டும் 2022-இல் ஒன்றாக விழுந்தன. அடுத்தது எப்போது? 28, 6, 1, கூட்டினால் 35, ஏழால் வகுக்க மீதி இல்லை. 2028.